மரப்பெட்டியில் கிடந்த யஷிகா-மேட்: வெளிப்புறத்தையும் பார்வைத் திரையையும் சீர்செய்வது எப்படி?

தலவாக்கலை வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். அட்டனில் ஸ்டூடியோ நடத்திய என் தாத்தாவின் யஷிகா-மேட் கமரா (மேல் வில்லை வழியே திரையில் பார்த்து, கீழ் வில்லையால் பிலிமில் படமெடுக்கும் இரட்டை வில்லைக் கமரா), பல ஆண்டுகள் மரப்பெட்டியொன்றில் கிடந்து இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின்னர், தலைமன்னாரில் கப்பலேறப் புறப்பட்ட தோட்டத்துக் குடும்பங்கள் பல இதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டன என்று அம்மா சொல்வார். ஷட்டர் நன்றாக இயங்குகிறது. ஆனால் வெளியே ஒட்டியுள்ள தோல்போன்ற ரெக்சின் உறை ஓரங்களில் எழும்பி, அதன் அடியில் உலோகம் வெண்பொடி பூத்திருக்கிறது. மூலைகளில் கறுப்பு வர்ணம் உரிந்துள்ளது. மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் படம் பனிமூட்டத்துக்குள் தெரிவதுபோல் மங்கலாகத் தெரிகிறது. புதிதாக வர்ணம் பூசலாமா? திரையை ஸ்பிரிட்டால் துடைக்கலாமா?

பண்டாரவளை ஸ்டூடியோக்காரர்:
தம்பி, திரையில் ஸ்பிரிட் படவே கூடாது. ஒரு பக்கம் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய திரைக் கண்ணாடியோடு பிளாஸ்டிக் ஃபிரெனல் வில்லையும் (திரையை வெளிச்சமாகக் காட்டும், வட்ட வரிகள் கொண்ட மெல்லிய தட்டு) இருந்தால், ஸ்பிரிட் பட்டதும் அதில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்துவிடும். பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. மேல்மூடியின் திருகாணிகளைக் கழற்றியதும், எதையும் அசைப்பதற்கு முன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, கண்ணாடியின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம் ஒரு துளி கலந்த இளஞ்சூட்டு நீரில் விரல் நுனியால் மெதுவாகக் கழுவி, வடித்த நீரில் அலசி, நிமிர்த்தி வைத்து உலரவிடுங்கள்.

ஆனால் என் அனுபவத்தில், மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் திரையின் கீழே சாய்வாக இருக்கும் முகக்கண்ணாடிதான். வீட்டுக் கண்ணாடியைப்போல் அல்லாமல், இதன் பூச்சு முன்பக்கத்திலேயே இருப்பதால், அழுத்தித் துடைத்தால் பூச்சும் சேர்ந்தே போய்விடும். காற்றூதியால் தூசியை மட்டும் அகற்றுங்கள்.

வர்ணம் பூச வேண்டாம் என்பதே என் கருத்து. உரிந்த மூலைகள் உங்கள் தாத்தாவின் கை பட்டுத் தேய்ந்தவை, அவை பழுதல்ல.

பேராதனை மாணவி:
ஐயா சொன்ன பென்சில் குறி மிக முக்கியமானது. தேய்த்த பக்கம் கீழே, முகக்கண்ணாடியை நோக்கி இருக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடியைத் தலைகீழாக வைத்தால், ஒளி கண்ணாடிக்குள் வளைவதையும் கழித்துப் பார்க்கும்போது, குவியம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விலகும். 80 மில்லிமீட்டர் வில்லையில் அது சிறிய பிழையல்ல: திரையில் ஆறரை மீட்டர் தொலைவில் நிற்பவர் கூர்மையாகத் தெரிவார், பிலிமிலோ அவருக்குப் பின்னால் உள்ள மலைதான் கூர்மையாகப் பதியும்.

ஆகவே, பூட்டிய பின் பின்கதவைத் திறந்து, பிலிம் படியும் உட்தண்டுகளின் மேல் மங்கலான ஒட்டுநாடாவை இறுக்கமாக ஒட்டி, ஷட்டரை 'பி'யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) திறந்துவைத்து, ஒளி புகும் துளையை முழுதாகத் திறந்த 3.5இல் வைத்துக்கொண்டு, தொலைவிலுள்ள ஒரு பொருளைத் திரையிலும் ஒட்டுநாடாவிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழும்பிய ரெக்சினை இழுக்காமல், அடியில் துளித்துளியாக ஸ்பிரிட் விட்டு, பழைய பசை இளகியதும் தட்டையான மூங்கில் சீவலால் தூக்குங்கள். வெண்பொடியைச் சுரண்டி, உலோகம் முழுதாகக் காய்ந்த பிறகே ஒட்டுங்கள். ஈரம் உள்ளே அகப்பட்டால் அரிப்பு மீண்டும் தொடங்கும்.

தலவாக்கலை வாசகர்:
இருவருக்கும் என் நன்றி. திரை கழுவியதும் தெளிந்துவிட்டது. ஆனால் ஐயா சொன்னபடியே முகக்கண்ணாடியின் பூச்சு பாதிக்குமேல் கறுத்திருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

பண்டாரவளை ஸ்டூடியோக்காரர்:
பழுதான பழைய ஸ்கேனர் ஒன்றைத் தேடுங்கள். அதனுள்ளே முன்பக்கப் பூச்சுள்ள கண்ணாடிப் பட்டைகள் இருக்கும். போதிய அகலமும் அதே தடிப்பும் உள்ள பட்டை கிடைத்தால், கண்ணாடி வெட்டுபவரிடம் பழையதை அளவுக்குக் கொடுத்து, பூச்சின்மேல் தாள் ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். தடிப்பு மாறினால் குவியமும் மாறும். பொருத்திய பின் அந்த ஒட்டுநாடாச் சோதனையை மறுபடி செய்யுங்கள். மரப்பெட்டிக்குள் மட்டும் திரும்ப வைக்காதீர்கள். நம் மலைநாட்டு ஈரத்துக்குக் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறியதும் சூடாக்கி உலர்த்திக்கொள்ளுங்கள்.