எட்டாம் மாதத்தில் மூச்சு வாங்குவது இயல்புதானா?

கேள்வி (பல்லடம்):
தலைப்பிரசவத்திற்காகக் காங்கேயம் அருகிலுள்ள தாய்வீட்டுக்கு வந்திருக்கிறேன். இப்போது 34 ஆவது வாரம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மல்லாந்து படுத்தால் நெஞ்சை அழுத்துவது போல இருப்பதால் தூக்கமும் கெடுகிறது. காய்ச்சலோ இருமலோ இல்லை. வயிறு மேலேறி நிற்பதால்தான் இப்படி, தலை இறங்கினால் சரியாகிவிடும் என்கிறார் அம்மிச்சி. அதை நம்பிக் காத்திருக்கலாமா?

பதில் (பெருந்துறை, ஓய்வுபெற்ற செவிலியர்):
உங்கள் அம்மிச்சி சொல்வதில் பெருமளவு உண்மை இருக்கிறது, அம்மணி. வளர்ந்த கருப்பை, நுரையீரலுக்குக் கீழே உள்ள உதரவிதானம் என்ற தசையை ஏறத்தாழ 4 செ.மீ. மேலே தள்ளுகிறது, அதோடு, புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மூளையிலுள்ள சுவாச மையத்தைத் தூண்டுவதால் வழக்கத்தைவிட ஆழமாக மூச்சு இழுக்கிறீர்கள், அதையே மூச்சு வாங்குவதாக உணர்கிறீர்கள். தலைப்பிரசவத்தில் 36 ஆவது வாரத்தையொட்டிக் குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்கும்போது பலருக்கு இது தணியும். அதுவரை மல்லாந்து படுக்காமல், தலையணையை உயர்த்தி வைத்து இடப்புறமாக ஒருக்களித்துப் படுங்கள். வயிறு நிறைய உண்ணாமல் சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள்.

ஆனால், ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்காமல் இதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்வந்த கர்ப்பிணிகள் பலர், மலம் கருப்பாகப் போகிறது என்று பயந்து இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டு, களைப்பையும் மூச்சு வாங்குவதையும் பொறுத்துக்கொண்டு வேலை செய்ததைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். கடைசியாக எடுத்த ஹீமோகுளோபின் அளவு என்ன?

பதில் (கோபிசெட்டிபாளையம்):
எனக்கு ஆஸ்துமா உண்டு. குழந்தைக்கு ஆகாது என்று உறவினர்கள் தடுத்தபோதும், மருத்துவர் சொன்னபடி இன்ஹேலரைத் தொடர்ந்து பயன்படுத்தினேன். தாய்க்கு மூச்சு முட்டினால் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும் என்று அவர் விளக்கினார். உங்களுக்கு முன்பே இழுப்பு இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இழுப்பு இருந்ததில்லை. அட்டையில் ஹீமோகுளோபின் 9.2 என்று எழுதியிருக்கிறது. மாத்திரையைக் காலையில் டீயுடன் எடுத்துக்கொள்கிறேன்.

பதில் (பெருந்துறை):
கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். டீ இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. மாத்திரையை டீயுடன் எடுக்காமல், எலுமிச்சைச் சாறு அல்லது தண்ணீருடன் விழுங்குங்கள். பிரசவத்திற்கு அதிக நாள் இல்லாததால், நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்ற வேண்டுமா என்று நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.