பீடி சுற்றும் அக்காமாரின் நடையில் மேல்முதுகை அளக்கணும்: சி7, இடுப்பு, இரண்டு மார்க்கர் போதுமா?

முக்கூடல்_பிசியோ:
கடைசி வருஷ பிசியோதெரபி புராஜெக்ட். எங்க ஊர்ப் பக்கம் மடியில் சொளகை வைத்துக் குனிந்தே உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்கள், சாயங்காலம் எழுந்து நடக்கும்போது உடம்பு எவ்வளவு முன்னால் சாய்கிறது, காலையில் எப்படி இருந்தது என்று ஒப்பிடணும். உடம்பின் அசைவைப் பல கேமராவில் பதிகிற மோஷன் கேப்சர் லேப் எல்லாம் கிடையாது, போன்தான். கழுத்தடியில் சி7 எலும்பில் ஒரு மார்க்கர் (உடம்பில் ஒட்டுகிற அடையாளப் புள்ளி), இடுப்பில் ஒன்று, இரண்டையும் இணைக்கிற கோட்டை முதுகு என்று எடுத்துக்கொள் என்கிறார் கைடு. சரிதானா அண்ணாச்சி?

விஎம்சத்திரம்:
மொத்தச் சாய்வு மட்டும் போதும் என்றால் சரி. உனக்கு அது போதாது தம்பி. இடுப்பிலிருந்தே முன்னால் சாய்கிறவருக்கும், இடுப்பு நேராக இருந்து மேல்முதுகு மட்டும் கூன் விழுந்தவருக்கும் அந்தக் கோடு ஒரே கோணத்தைக் காட்டிவிடும், நீ தேடுவதோ இரண்டாவது ஆளை. ஐஎஸ்பி என்கிற பயோமெக்கானிக்ஸ் (உடலசைவு அறிவியல்) சங்கம் 2005-ல் வெளியிட்ட பரிந்துரையில் மார்புக்கூட்டுக்கு நாலு புள்ளி: முன்னால் தொண்டைக்குழியும் நெஞ்செலும்பின் கீழ்நுனியும், பின்னால் சி7, டி8 (மார்புப் பகுதி முதுகெலும்பில் எட்டாவது). மேலே உள்ள தொண்டைக்குழி, சி7 இரண்டின் நடுப்புள்ளியையும் கீழே உள்ள மற்ற இரண்டின் நடுப்புள்ளியையும் இணைத்தால் மார்புக்கூட்டின் நெடுக்கு அச்சு. இடுப்பெலும்பைத் தனியாக எடு. அப்புறம் தரைக்கு மார்பு எத்தனை டிகிரி, இடுப்புக்கு மார்பு எத்தனை டிகிரி என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல், ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் வைவாவில் மாட்டுவாய்.

செல்வி_பாளை:
அதெல்லாம் சரி, சேலையை யாருமே நினைக்கலையே! சி7 பிளவுஸ் கழுத்துக்கு மேலே தெரியும், டி8 உள்ளே போய்விடும். கொசுவத்துக்கு மேல் ஒட்டினால் நீங்கள் அளப்பது துணியை, இடுப்பை இல்லை. முதுகு திறந்த ஆஸ்பத்திரி கவுன் கொடுத்து, மறைவான இடத்தில், கூடப் படிக்கிற பொண்ணை விட்டு ஒட்டச் சொல்லுங்க தம்பி, நீங்க ஒட்டப் போகாதீங்க. காலையிலும் சாயங்காலமும் அதே உடுப்புதான், ஏனென்றால் சேலைக்கும் கவுனுக்கும் காலடி நீளமே மாறும். ஆடிக் காற்றில் மொட்டைமாடி வேண்டவே வேண்டாம்.

தச்சநல்லூர்_எடிட்டர்:
ஒரு போனை வைத்துப் பக்கவாட்டில் எடுத்தால் முன் சாய்வு மட்டும்தான் நம்பிக்கையாக வரும், தோள் திரும்பல் வராது. போனை இடுப்பு உயரத்தில், நடைபாதைக்குச் செங்குத்தாக, முடிந்த அளவு தள்ளி வை. பிரேமுக்குள் கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடு, அதுதான் உன் செங்குத்துக் கோடு. கினோவியா என்கிற வீடியோ மென்பொருளில் கோணம் எடுக்கலாம், காசில்லை. இரண்டு ஐபோன் கிடைத்தால் வீடியோவிலிருந்தே அசைவை அளக்கிற ஓபன்கேப் இருக்கிறது, ஆனால் அதன் மாடலில் இடுப்புக்கு மேல் முதுகும் மார்பும் ஒரே கட்டை, கூனைத் தனியாகக் காட்டாது.

விஎம்சத்திரம்:
முக்கியமான ஒன்று, வேகம். மெதுவாக நடந்தால் தோளும் இடுப்பும் கிட்டத்தட்ட ஒரே பக்கமாகத் திரும்பும், வேகம் கூடினால் எதிரெதிராகத் திரும்பும், கைவீச்சும் அதோடு மாறும். சாயங்காலம் அசதியில் மெதுவாகத்தான் வருவார்கள். வேகத்தைக் குறிக்காமல் விட்டால் வேகத்தால் வந்த மாற்றத்தை முதுகு மேல் போட்டுவிடுவாய். கையில் பையும் இருக்கக் கூடாது.

முக்கூடல்_பிசியோ:
அப்போ திரும்பலை விட்டுவிட்டுச் சாய்வை மட்டும் எடுக்கிறேன். வராண்டா 8 மீட்டர்தான், போதுமா?

தச்சநல்லூர்_எடிட்டர்:
போதும். முதல் இரண்டு காலடி, கடைசி இரண்டு காலடியை வெட்டிவிடு, நடுவில் இருப்பதை மட்டும் எடு.