பல்கலைக்கழகத்தில் ரஷ்யத் திரைப்படங்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி:
கொழும்பில் எங்கள் பீடத்து மாணவர் சங்கம் மாதந்தோறும் ஒரு ரஷ்யத் திரைப்படத்தைத் திரையிட்டு, அதையொட்டி அந்நாட்டுப் பண்பாடு பற்றிய உரையொன்றையும் நடத்த விரும்புகிறது. முதலில் எதைத் திரையிடுவது? உரை படத்துக்கு முன்பா, பின்பா?

மறுமொழி 1:
மிக்கேல் கலதோசொவ் 1957இல் இயக்கி, மறு ஆண்டு கான் விழாவின் உயர் விருதை வென்ற ‘கொக்குகள் பறக்கின்றன’ படத்தைப் பரிந்துரைக்கிறேன். போர்முனையில் நாயகன் போரிஸ் குண்டடிபட்டுச் சரியும்போது பிர்ச் மரங்களின் உச்சிகள் சுழல்கின்றன. அவனுக்கு வாய்க்காமலே போகும் திருமணம் அந்தச் சுழற்சிக்குள் தோன்றி மறைகிறது. போரில் உறவுகளைப் பறிகொடுத்த நம்மவர்களுக்கு அக்காட்சியை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே உரை பின்னரே இருக்கட்டும்.

மறுமொழி 2:
எனது தெரிவு ஐசன்ஸ்டைன் இயக்கிய ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ (1925). மௌனப் படமாகையால், இடையில் வரும் எழுத்துகளை ஒருவர் தமிழில் வாசித்தாலே போதும். ஒடெசா நகரப் படிக்கட்டில் மக்கள் சுடப்படும் காட்சியை உரையின்போது நிறுத்தி நிறுத்திக் காட்டினால், படத்தொகுப்பின் வலிமையை மாணவர்கள் கண்ணாலேயே கற்பார்கள்.

மறுமொழி 3:
இரண்டும் சிறந்தவை. எனினும் ஒடெசா இன்று உக்ரைனில் உள்ளது. கலதோசொவ் பிறந்தது ஜோர்ஜியாவின் திபிலிசியில். உரையாளர் சோவியத் வரலாற்றின் இந்தப் பன்மையைக் கட்டாயம் எடுத்துரைக்க வேண்டும். பிரதிகள் குறித்துக் கொழும்பு 7இல் உள்ள ரஷ்யப் பண்பாட்டு நிலையமான ரஷ்ய இல்லத்தில் விசாரித்துப் பாருங்கள்.