பாளை வீட்டார் குழு: கிட்டார் எங்கே போச்சு?

மதினி: தம்பி, நேற்று ராத்திரி மாடியில் என்ன பாட்டு? ஒரே வரியையே போட்டு அரைக்கான்!

நான்: ரேடியோஹெட், மதினி. இங்கிலாந்து ராக் இசைக்குழு. ‘கிட் ஏ’ ஆல்பம், 2000-ல் வந்தது.

தென்காசி மாமா: ‘கிரீப்’ பாடினவனுங்களா? காலேஜில் கேசட் தேயத் தேயக் கேட்டோமே. கோரஸுக்கு முன்னால் கிட்டாரை ‘கரக் கரக்’ என்று ஒரு இழுப்பு இழுப்பான் பாரு!

நான்: அது அவர்களுடைய கிட்டார்காரர் ஜானி கிரீன்வுட், மாமா. பாட்டு ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று பிடிக்காமல், கெடுக்கத்தான் அப்படி அடித்தாராம். கடைசியில் அதுதான் பாட்டுக்கே அடையாளம் 😄

தென்காசி மாமா: பின்னே ‘கிட் ஏ’-யில் ஏம்ல கிட்டாரை மூட்டை கட்டினாங்க? 1997-ல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பம் வரைக்கும் ஜோராத்தானே போச்சு.

நான்: அதற்குப் பிறகு ஊர் ஊராக வாசித்தே பாடகர் தாம் யார்க் நொந்துபோனார். போதாததற்கு இவர்களை மாதிரியே வாசிக்க ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. அதனால் சிந்தசைசர், டிரம் மெஷின் என்று மின்னணு வாத்தியங்கள் பக்கம் போனார்கள். ஜானி ‘ஓண்ட் மார்ட்டெனோ’ என்று 1928-ல் பிரான்சில் வந்த வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டார். விரலில் மோதிரம் மாட்டி, கம்பியோடு நகர்த்தினால் ஆள் அழுவது மாதிரியே கேட்கும்.

மதினி: ஓ, அதுதானா அது! நான் பக்கத்து வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்தேன்.

தென்காசி மாமா: சுடலைமாடன் கொடையில் வில்லுக்காரர் வில்லை இறக்கி வைத்துவிட்டு கம்ப்யூட்டரைத் தட்டினால் நம்ம சனம் விடுமா?

தங்கச்சி: விட்டாங்களே மாமா! ‘கிட் ஏ’-யிலிருந்து ஒரு பாட்டைக்கூடத் தனியாக சிங்கிளாக விடவில்லை. ஆனாலும் இங்கிலாந்து, அமெரிக்கா ரெண்டிலும் முதலிடம். எனக்குப் பிடித்தது அவங்களோட ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பம்தான். கிட்டாரும் இருக்கும், மெஷினும் இருக்கும், ஒன்றை ஒன்று அமுக்காது. 2007-ல் நெட்டில் விட்டபோது விலையை நம்மையே போட்டுக்கொள்ளச் சொன்னாங்க.

பெரியப்பா: சும்மாவும் எடுக்கலாமா? அப்புறம் எப்படிப் பிழைக்க?

தங்கச்சி: பிறகு சிடி போட்டாங்க பெரியப்பா. அதுவும் ரெண்டு நாட்டிலும் முதலிடம்.

பெரியப்பா: பிரியாமல் இருக்காங்களா?

நான்: பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது 1985-ல் தொடங்கிய குழு, அதே 5 பேர். ஜானியும் பேஸ் கிட்டார் வாசிக்கிற காலினும் கூடப்பிறந்தவர்கள். நடுவில் பல வருஷம் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தாலும் 2025-ல் மறுபடி மேடை ஏறினார்கள்.

பெரியப்பா: அண்ணன் தம்பி 40 வருஷமா ஒரே கோஷ்டியிலா? இங்கே ஒரு வரப்புக்கே பேச்சுவார்த்தை இல்லை.

தென்காசி மாமா: யாரைச் சொல்லுதீய அத்தான்? 😂

நான்: மாமா, ஜானி 2015-ல் ஜோத்பூர் கோட்டையில் ராஜஸ்தான் வாத்தியக்காரர்களோடு உட்கார்ந்து ‘ஜுனூன்’ ஆல்பம் பண்ணினார். டோலக்கும் பித்தளை வாத்தியங்களும்தான் முன்னால் நிற்கும்.

தென்காசி மாமா: டோலக்கா? அதை முதல்ல அனுப்பு மருமவனே. கிட் ஏ-யை அப்புறம் பார்ப்போம்.