கன்னியா வெந்நீரூற்றின் பழைய படங்கள் தேவை

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். 1980களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட, திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் புகைப்படங்கள் யாரிடமாவது இருந்தால், ஒரு பிரதி தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உப்புவெளியில் இருந்த எங்கள் வீட்டு அல்பங்கள் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையோடு போய்விட்டன; அப்பாவும் இப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சைக்கிளின் முன் பாரிலும், தங்கையை மடியில் வைத்திருக்கும் அம்மாவைப் பின் கரியரிலும் ஏற்றிக்கொண்டு, அப்பா அநுராதபுர வீதியால் கன்னியாவுக்கு மிதிப்பார். (இப்போது நினைத்தால் அவருடைய முழங்கால்களுக்காக இரக்கமாக இருக்கிறது.) அங்குள்ள ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே அளவாக இராது என்பதால், ஒவ்வொன்றிலும் வாளியை இறக்கி, முதலில் தம் புறங்கையில் ஊற்றிப் பார்த்து, ஒருமுறை தலையசைத்த பின்னரே எங்கள் தலையில் வார்ப்பார். பிறகு வாழையிலையில் கட்டிவந்த புட்டும் சம்பலும்.

எங்கள் முகங்கள் படத்தில் இருக்க வேண்டுமென்பதில்லை. இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்கள் எடுத்த படமானாலும், கிணற்றுக் கட்டுகள் தெரிந்தால் போதும். இருப்பவர்கள் தயவுசெய்து இப்பதிவின் கீழ் தெரிவிக்கவும்; நகரத்துக்குள் என்றால் நானே நேரில் வந்து பிரதி எடுத்துக்கொள்வேன்.