மெல்பர்ன் கோப்பைக்கு முன் ஒரு குதிரையை எப்படிக் கணிப்பது?

ஈசூன்வாசி:
வணக்கம். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்தருகே நின்று, மேனியின் பளபளப்பையும் நடையையும் வியர்வையையும் பார்த்தே கணிக்க அப்பா எனக்குக் கற்றுத் தந்தார். 2024 அக்டோபர் 5ஆம் தேதியுடன் சிங்கப்பூரின் கிராஞ்சி திடலில் பந்தயம் நின்றுபோனது. இப்போது ஆஸ்திரேலியாவில் நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும் மெல்பர்ன் கோப்பையைத் திரையில்தான் பார்க்கிறேன். 24 குதிரைகள் வரை ஓடும் அந்தப் பந்தயத்துக்குப் பழைய ஓட்டப் பதிவுகளில் எதை முதலில் பார்க்க வேண்டும்? கடைசி ஓட்டத்தில் முன்னணியில் வந்த குதிரையை நம்பலாமா?

பழைய திடல்:
தம்பி, எத்தனையாவதாக வந்தது என்பதைவிட, அந்த ஓட்டம் எத்தனை மீட்டர், தரை எப்படி இருந்தது, எத்தனை கிலோ சுமந்தது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். 2022இல் வென்ற கோல்ட் டிரிப், அதற்குச் சில நாள்களுக்கு முன் காக்ஸ் பிளேட் என்னும் பந்தயத்தில் ஒன்பதாவதாகத்தான் வந்தது. ஆனால் அது 2,040 மீட்டர் ஓட்டம். அது நடந்த மூனீ வேலித் திடலின் கடைசி நேர்ப்பாதையும் அப்போது மிகக் குறைந்த நீளமுடையதாக இருந்தது. அதற்கு முந்தைய வாரம், 2,400 மீட்டர் கால்ஃபீல்ட் கோப்பையில் அதே குதிரை இரண்டாவதாக வந்திருந்தது. 3,200 மீட்டர் ஓட வேண்டிய குதிரைக்கு இவற்றுள் எந்தப் பதிவு பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். மழையில் நனைந்த தரையும் ஒத்துவந்ததால், 57.5 கிலோவைச் சுமந்துகொண்டே அது வென்றது.

சுமையை மறந்துவிடாதீர்கள். திறன் மிகுந்த குதிரைக்குக் கூடுதல் எடை கொடுத்து வாய்ப்பைச் சமன்செய்யும் ஹேண்டிகேப் பந்தயம் இது. காக்ஸ் பிளேட்டில் வயதையும் பாலினத்தையும் பொறுத்தே எடை என்பதால், அங்கே பின்தங்கிய குதிரை இங்கே எடை குறைந்து வந்தால் கணக்கே மாறிவிடும்.

தோ பாயோ ரசிகர்:
வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகளை மிகவும் நிதானமாக எடைபோட வேண்டும். இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட் பந்தய விழாவில் பெரிய இடைவெளியில் வென்ற வோபான், 2023இல் மக்களின் முதல் தேர்வாக அயர்லாந்திலிருந்து வந்து, 14ஆவதாக முடித்தது. அந்த ஆண்டு வென்ற விதவுட் எ ஃபைட், முந்தைய ஆண்டு விருந்தாளியாக வந்து 13ஆவதாக முடித்த குதிரை. பிறகு ஆஸ்திரேலியப் பயிற்றுநரிடம் சேர்ந்து, கால்ஃபீல்ட் கோப்பையை வென்ற கையோடு இதையும் வென்றது.

ஈசூன்வாசி:
மிக்க நன்றி, ஐயா. இனி கால்ஃபீல்ட் கோப்பைப் பதிவின் கடைசி 400 மீட்டரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பழைய திடல்:
நல்லது. ஓட்டம் நமக்கு நண்பகல் 12 மணிக்கு. கொஞ்சம் முன்னதாகவே திரையைத் திறந்துவையுங்கள். குதிரைகளை நடத்திக் காட்டுவார்கள். அப்பா சொல்லித் தந்த பார்வை அப்போது உங்களுக்கு உதவும்.