முப்பது நிமிடம் ஓட வந்துவிட்டது, 5 கிலோமீட்டர்தான் வரவில்லை

ஓடிப் பழகாதவர்களுக்கான ‘கவுச் டு 5கே’ (Couch to 5K) என்ற ஒன்பது வாரப் பயிற்சியை ஆனியில் முடித்தேன். வாரம் மூன்று நாள். ஒரு நிமிட ஓட்டம், ஒன்றரை நிமிட நடை என்று தொடங்கி, கடைசி வாரம் நிற்காமல் முப்பது நிமிடம். பயிற்சியின் பெயரிலேயே 5 கி.மீ. இருக்கிறது. எனக்கு அந்த முப்பது நிமிடத்தில் வந்தது 3.8தான்.

விடுவேனா? மறுவாரமே கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்று வாட்சைப் பார்த்துப் பார்த்து ஓடினேன். ராமேசுவரம் பக்கம் எங்கள் மண்டபம் ஊரில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர், “என்ன தம்பி, நாய் கீய் விரட்டுதா?” என்றார். பதில் சொல்ல மூச்சில்லை, கையை மட்டும் ஆட்டினேன். பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. இரண்டு வாரம் வீட்டில்.

திரும்பி வந்தபோது ஆடி. மேற்கே உச்சிப்புளிப் பக்கம் திரும்பினால் கச்சான் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அந்தக் காற்றில் வாட்ச் காட்டும் வேகத்துக்கு அர்த்தமே இல்லை. அதனால் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்தேன். பெரியவர் எது கேட்டாலும் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல முடிகிற வேகம், அதுதான் என் அளவு. வெட்கமாகத்தான் இருந்தது, நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவே.

வாரத்தில் இரண்டு நாள் முப்பது நிமிடம். ஞாயிறு மட்டும் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி ஐம்பது வரை போனேன், ஒவ்வொரு நான்காவது வாரமும் குறைத்துக்கொண்டேன். கால் பழகிய பிறகே வேகம். வாரத்தில் ஒரு நாள் மட்டும், ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை விரட்டு, அடுத்த இரண்டு கம்பத்துக்கு மெதுவாகப் போ, இப்படி ஆறு தடவை. ஐப்பசியில் 5 கி.மீ. 36 நிமிடம். பெரியவர் இப்போது சம்பளம் வரை விசாரிக்கிறார். அதற்கு மட்டும் இன்னும் கையை ஆட்டுகிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி:
அண்ணே, என் கதையைக் கேளுங்க. பயிற்சி முடிந்த கையோடு மார்கழியில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி ரோட்டில் இறங்கினேன். 1964 புயலில் இடிந்த தேவாலயம் வரை ஏறக்குறைய 5 கி.மீ. சுகமாகப் போய்ச் சேர்ந்தேன், ஆஹா தேறிவிட்டோம் என்று நினைத்தேன். திரும்பினால்தான் தெரிந்தது, அதுவரை வாடைதான் முதுகைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. வலது கன்னத்தில் மணலை வாரி அடிக்கிறது. நிழல் கிடையாது, கையில் தண்ணீர் கிடையாது. போகிற தூரத்தைக் கணக்குப் போட்டவள் வருகிற தூரத்தைப் போடவில்லை! ஒரு மீன் வண்டிக்காரர்தான் ஏற்றிவந்து விட்டார். இப்போதெல்லாம் முதல் பாதி காற்றுக்கு எதிரே, திரும்பும்போது காற்றோடு. பாட்டிலில் உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர். விடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஏழு மணிக்கே சட்டையைப் பிழியலாம். அது சரி, அரியமான் கடற்கரை மணலில் ஓடினால் கால் உறுதியாகும் என்கிறார்களே, உண்மையா?

மண்டபத்திலிருந்து என் பதில்:
மீன் வண்டியா! நல்ல வேளை, தங்கச்சி. மணலில் நான் ஒரு நாள் வெறுங்காலோடு இருபது நிமிடம் ஓடி, நான்கு நாள் மாடிப்படி இறங்க முடியாமல் கிடந்தேன். கால் புதையும் காய்ந்த மணலில் குதிகால் இறங்கிக்கொண்டே போகும், கெண்டைச் சதைதான் இழுபடும். ஈர மணல் கெட்டி, ஆனால் கடலைப் பார்த்துச் சாய்வு, ஒரே பக்கம் ஓடினால் இடுப்பு பிடிக்கும். ஓடத்தான் வேண்டுமென்றால் கடைசி ஐந்து நிமிடம் மட்டும், போன பக்கமே திரும்பி வாங்க. அப்புறம், சிப்பி குத்தும், செருப்பாவது போட்டுக்கொள்ளுங்கள்.